மார்மன் சபைக்காரர்கள் கிறிஸ்தவர்களா? ஒரு கல்யாண விஷயமாகக் கேட்கிறேன்

முட்டத்துக்காரி | ஞாயிறு இரவு 8:40

எல்லாருக்கும் வணக்கம். அக்கா மகள் பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கிறாள். கூட வேலை பார்க்கும் பையனைத்தான் கட்டுவேன் என்கிறாள். நல்ல பையன். குடி இல்லை, சிகரெட் இல்லை, சாயா காப்பி கூடக் கிடையாதாம். "என்ன மதம்" என்று அக்கா கேட்டதற்கு "கிறிஸ்டியன்தான்" என்று பதில் வந்தது. விசாரித்ததில் சாதியும் ஒத்துப்போனது, அக்காவுக்கு ஒரே சந்தோஷம். அப்புறம்தான் எந்தச் சபை என்று கேட்டார்கள். "பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை" என்றாள். அத்தான் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "இது மார்மன், இவனுவ கிறிஸ்தவனே கிடையாது" என்று குதிக்கிறார். மகள் விடுவாளா? "அவங்க சபைப் பேருலயே இயேசு கிறிஸ்து இருக்கு, நம்ம சபைப் பேருல இருக்கா" என்கிறாள்.

நாங்கள் ரோமன் கத்தோலிக்கர். பையன் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) என்றால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும், எங்கள் குடும்பத்தில் நடந்திருக்கிறது. இவர்களைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. பங்குச் சாமியாரிடம் போகும் முன் நாமே கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம் என்று இங்கே கேட்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜெபவீரன்_அருமனை | ஞாயிறு இரவு 9:05

சிஸ்டர், இதில் விவாதிக்க ஒன்றுமில்லை. கலாத்தியர் 1:8 வாசியுங்கள். வானத்திலிருந்து ஒரு தூதன் வந்து வேறொரு சுவிசேஷத்தைச் சொன்னாலும் அவன் சபிக்கப்பட்டவன் என்று பவுல் எழுதியிருக்கிறார். இவர்கள் கதையே அதுதான். மரோனி என்று ஒரு தூதன் வந்தானாம், பொன் தகடுகள் புதைந்திருக்கும் இடத்தைக் காட்டினானாம், ஜோசப் ஸ்மித் அதை மொழிபெயர்த்தாராம். வெளிப்படுத்தல் 22:18, இந்தப் புத்தகத்தோடு எதையாவது கூட்டினால் வாதைகள் வரும் என்கிறது. இவர்கள் ஒரு முழுப் புத்தகத்தையே கூட்டியிருக்கிறார்கள். இயேசுவும் சாத்தானும் அண்ணன் தம்பி என்கிறார்கள். மனிதன் தேவனாகலாம் என்கிறார்கள். பெயரில் இயேசு இருந்தால் போதுமா? பிள்ளையை ஜெபத்தில் தாங்குங்கள், இந்தச் சம்பந்தம் வேண்டாம்.

சும்மா_வாசிப்பவன் | ஞாயிறு இரவு 9:12

எங்கள் தெருவில் நாலு சபை இருக்கிறது. ஒவ்வொன்றும் மற்ற மூன்றையும் நரகத்துக்கு அனுப்பிவிட்டது. ஐந்தாவதாக ஒருவர் வந்தால் இடம் இருக்குமா என்று பார்க்கிறேன்.

மார்த்தாண்டம்_வாத்தியார் | ஞாயிறு இரவு 10:20

முட்டத்துப் பெண்ணே, முதலில் விவரம்.

ஜோசப் ஸ்மித் 1805-ல் அமெரிக்காவின் வெர்மான்டில் பிறந்தவர். வளர்ந்தது நியூயார்க் மாநிலத்தில் பால்மைரா என்ற ஊர்ப்பக்கம். 1820-ல் காட்டுக்குள் ஜெபம் செய்தபோது பிதாவும் குமாரனும் தனித்தனி ஆட்களாகத் தனக்குத் தரிசனமானார்கள் என்றார். 1830-ல் மார்மன் புஸ்தகம் அச்சாகி வெளிவந்தது, அதே வருஷம் ஏப்ரல் 6-ல் சபை தொடங்கியது. 1844-ல் இலினாய் மாநிலத்தில் கார்த்தேஜ் சிறையில் இருந்தபோது ஒரு கும்பல் உள்ளே புகுந்து அவரைச் சுட்டுக் கொன்றது. பிறகு பிரிகாம் யங் தலைமையில் பெரும்பகுதி மக்கள் மேற்கே போய் 1847-ல் யூட்டாவில் குடியேறினார்கள். இன்று உலகம் முழுக்க 1 கோடியே 70 லட்சத்துக்கு மேல் உறுப்பினர் என்று அந்தச் சபை கணக்குச் சொல்கிறது. இந்தியாவில் சுமார் பதினைந்தாயிரம் பேர்தான்.

தம்பி ஜெபவீரன் சொன்னதில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். வெளிப்படுத்தல் 22:18-ஐ வைத்து இவர்களை மடக்க முடியாது. உபாகமம் 4:2-லும் "கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்" என்று இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் உபாகமத்துக்குப் பிறகு வந்த ஏசாயாவும் சங்கீதமும் சுவிசேஷமும் எல்லாம் கூட்டல்தான். அந்த எச்சரிக்கை அந்தந்தப் புத்தகத்துக்கு.

உண்மையான முடிச்சு கடவுளைப் பற்றியது. 325-ல் நிசேயாவில் கூடிய ஆயர்கள், குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று அறிக்கை செய்தார்கள். கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், சிஎஸ்ஐ, லுத்தரன் எல்லாரும் நிற்பது அந்தத் தரையில்தான். மார்மன் சபை அதை ஏற்பதில்லை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் மூன்று தனி நபர்கள், நோக்கத்தில் மட்டும் ஒன்று என்பது அவர்கள் உபதேசம். பிதாவுக்கே மாம்சமும் எலும்பும் உள்ள சரீரம் உண்டு என்று அவர்களுடைய வேதங்களில் ஒன்றான 'கோட்பாடும் உடன்படிக்கைகளும்' நூலின் 130-ஆம் பிரிவு சொல்கிறது. மூவரும் ஒரே கடவுள் என்ற நம்முடைய திரித்துவத்திலிருந்து இது ரொம்ப தூரம்.

ஆகவே அத்தான் குதிப்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் "கிறிஸ்தவனே கிடையாது" என்று நான் எழுதித் தரமாட்டேன். இயேசு கன்னியிடம் பிறந்தார், நம் பாவங்களுக்காக மரித்தார், மூன்றாம் நாள் சரீரத்தோடு உயிர்த்தார், அவர் வழியாகத்தான் இரட்சிப்பு என்று சொல்கிற ஆளை வேறு எந்த மதத்தில் கொண்டுபோய் வைப்பது?

ஜெபவீரன்_அருமனை | ஞாயிறு இரவு 10:41

வாத்தியார் ஐயா, பல மனைவிகளைக் கட்டிய சபை அது. கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவம் கிடையாது என்று வைத்திருந்த சபை. அதையும் சேர்த்து எழுதியிருக்கலாமே.

மார்த்தாண்டம்_வாத்தியார் | ஞாயிறு இரவு 10:58

எழுதுகிறேன். பலதார மணத்தை 1890-ல் அவர்களுடைய தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப் ஒரு பிரகடனம் மூலம் நிறுத்தினார். இப்போது அப்படிக் கட்டினால் சபையை விட்டு நீக்குவார்கள். கறுப்பினத்தாருக்கு இருந்த தடை 1978-ல் நீங்கியது. இரண்டும் கறைதான். ஆனால் கறை இருந்தால் கிறிஸ்தவன் இல்லை என்று வைத்தால் நம் குமரி மாவட்டத்தில் யார் மிஞ்சுவோம்? இந்த இழையின் முதல் பதிவையே திரும்பப் பாருங்கள். சாதி ஒத்துப்போனது, வீட்டில் சந்தோஷம். அதில் உங்களுக்கோ எனக்கோ ஒன்றும் தட்டுப்படவில்லை. சபைப் பெயர் வந்த பிறகுதான் வசனம் தேடுகிறோம்.

முட்டத்துக்காரி | ஞாயிறு இரவு 11:02

சார், அது உள்ளதுதான். மறைத்து எழுதியிருக்கலாம், எழுதவில்லை.

கோவையில்_ஒரு_தக்கலைக்காரன் | திங்கள் காலை 6:50

இந்த மன்றத்தில் ரொம்ப நாளாக வாசிப்பவன், எழுதியது குறைவு. நான் அந்தச் சபை. பிறந்தது தக்கலைப் பக்கம், சிஎஸ்ஐ குடும்பம். கோவைக்கு வேலைக்கு வந்த பிறகு இந்தச் சபையில் சேர்ந்தேன். அப்பா இன்றுவரை ஊரில் "பையன் வெளியூர்ல வேறு சபைக்குப் போறான்" என்று மட்டும்தான் சொல்லுவார், பெயரைச் சொல்லமாட்டார். "மார்மன்" என்று கூப்பிடாமல் முழுப்பெயரைச் சொல்லுங்கள் என்று அப்போது எங்கள் தலைவராக இருந்த ரசல் நெல்சன் 2018-ல் கேட்டுக்கொண்டார். இங்கே எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறீர்கள், நானும் சண்டைக்கு வரவில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் அப்பமும் தண்ணீரும் எடுக்கிறோம், கிறிஸ்துவின் சரீரத்தையும் இரத்தத்தையும் நினைத்து. ஒவ்வொரு ஜெபமும் இயேசு கிறிஸ்துவின் நாமத்தில்தான் முடியும். மார்மன் புஸ்தகத்தில், "நாங்கள் கிறிஸ்துவைப் பற்றிப் பேசுகிறோம், கிறிஸ்துவில் களிகூருகிறோம், கிறிஸ்துவைப் பிரசங்கிக்கிறோம்" என்று இரண்டாம் நேபி 25-ல் வருகிறது. பைபிளையும் வைத்திருக்கிறோம், வாசிக்கிறோம்.

சாத்தான் விஷயம். எல்லா ஆவிகளும் பிதாவின் பிள்ளைகள் என்பது எங்கள் போதனை. நீங்கள், நான், தூதர்கள், விழுந்துபோன லூசிபர் எல்லாரும் அதில் அடக்கம். அந்த அர்த்தத்தில் மட்டும்தான் அப்படிச் சொல்ல முடியும். இயேசு முதற்பேறானவர், தேவன், பழைய ஏற்பாட்டின் யெகோவாவே அவர்தான் என்று நம்புகிறோம். இரண்டு பேரையும் ஒரே தராசில் வைப்பது போலச் சொல்வது நியாயமில்லை.

மனிதன் தேவனாவது பற்றி: கிறிஸ்துவின் கிருபையால் பிதாவைப் போல ஆகலாம் என்று நம்புகிறோம். "நாம் தெய்வமாகும்படி அவர் மனிதரானார்" என்ற பொருளில் நான்காம் நூற்றாண்டிலேயே அத்தனாசியுஸ் என்ற ஆயர் எழுதியிருக்கிறார். அவரை யாரும் வெளியே தள்ளவில்லை.

குருமடத்துப்_பழையவன் | திங்கள் மதியம் 1:15

சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். நானும் சில வருஷம் குருமடத்தில் படித்து வெளியே வந்தவன்.

தக்கலைத் தம்பி, அத்தனாசியுஸை இழுத்தது சாமர்த்தியம். ஆனால் அவர் சொன்னது வேறு. அவருக்குப் படைத்தவர் ஒருவர், மற்ற எல்லாம் படைப்பு, நடுவில் உள்ள பள்ளம் ஒருநாளும் தூராது. கிருபையால் நாம் கடவுளின் வாழ்வில் பங்குபெறுகிறோம், அவ்வளவுதான். உங்கள் சபையில் ஐந்தாவது தலைவராக இருந்த லொரன்சோ ஸ்னோ சொன்னது, இன்று மனிதன் இருப்பதுபோல ஒருகாலத்தில் கடவுள் இருந்தார், இன்று கடவுள் இருப்பதுபோல மனிதன் ஆகலாம் என்று. ஜோசப் ஸ்மித்தே 1844-ல் நாவூ நகரில் கிங் ஃபாலட் என்பவரின் நினைவாகப் பேசிய பிரசங்கத்தில் கடவுளும் ஒருகாலத்தில் நம்மைப் போல இருந்தவர் என்றார். இங்கே பள்ளமே இல்லை, படிக்கட்டுதான். அத்தனாசியுஸ் கேட்டிருந்தால் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டவர், ஆறாவது முறையும் சண்டைக்குப் போயிருப்பார்.

இப்போது முட்டத்து அக்காவின் கேள்வி. இதற்குத் திட்டமான பதில் இருக்கிறது. 2001 ஜூனில் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், மார்மன் சபையில் கொடுக்கப்படும் ஞானஸ்நானம் செல்லாது என்று அறிவித்தது. அப்போது அதன் தலைவர் கர்தினால் ராட்சிங்கர், பிற்பாடு 16-ஆம் ஆசீர்வாதப்பர் என்ற பெயரில் போப்பாண்டவர் ஆனவர். கவனியுங்கள், அவர்களும் தண்ணீரில் முழுக்குகிறார்கள், பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால்தான் கொடுக்கிறார்கள். அப்படியிருந்தும் செல்லாது. ஏன் என்றால் அந்த மூன்று பெயராலும் அவர்கள் குறிக்கும் கடவுள் நாம் குறிக்கும் கடவுள் இல்லை, அந்த அளவுக்கு வித்தியாசம் என்று விளக்கம் வந்தது. இது சின்ன விஷயமில்லை. தப்பறைக்காரன் (தவறான உபதேசம் பேசுபவன்) கொடுத்த ஞானஸ்நானத்தையும் ஏற்பது புனித அகுஸ்தீன் காலத்திலிருந்து திருச்சபையின் வழக்கம். சிஎஸ்ஐ, லுத்தரன், யாக்கோபாயா யார் வந்தாலும் மறுபடி தண்ணீர் ஊற்றமாட்டார்கள். ஒரு மார்மன் கத்தோலிக்கரானால் ஊற்றுவார்கள். அமெரிக்க மெதடிஸ்ட் சபையும் 2000-ல் இதே முடிவுக்கு வந்தது.

இனி கல்யாணத்துக்கு வருவோம். பையன் சிஎஸ்ஐ என்றால் அது கலப்புத் திருமணம், ஆயரின் அனுமதி போதும், திருச்சபைச் சட்டம் 1124. மார்மன் என்றால் சட்டத்தின் கண்ணில் அவர் ஞானஸ்நானம் பெறாதவர். அப்போது 1086, மதவேற்றுமைத் தடை. அதிலிருந்து விலக்கு வாங்க வேண்டும். அனுமதி வாங்காமல் போனால் தப்பு, ஆனாலும் கல்யாணம் கல்யாணம்தான். விலக்கு வாங்காமல் போனால் கல்யாணமே செல்லாது. ஆகவே சாமியாரிடம் "கிறிஸ்டியன் பையன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். சபைப் பெயரை முழுசாகச் சொல்லுங்கள்.

கொடியும்_டிரம்மும் | திங்கள் மாலை 5:30

குருமடத்து அண்ணே, ஒரு நிமிஷம். நான் சால்வேஷன் ஆர்மி. மூணு தலைமுறையாக இரட்சணிய சேனை. நாகர்கோவில் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரி தெரியாத ஆள் இந்த மாவட்டத்தில் கிடையாது. எங்களை யாரும் கிறிஸ்தவன் இல்லை என்று சொன்னது இல்லை. ஆனால் எங்களிடம் ஞானஸ்நானமே கிடையாது. திருவிருந்தும் கிடையாது. வில்லியம் பூத் 1883-ல் இரண்டையும் நிறுத்தினார், வெளி அடையாளத்தைவிட உள்ளே மாற்றம் முக்கியம் என்று. பிள்ளைகளைப் பிரதிஷ்டை செய்வோம், பெரியவர்கள் கொடிக்குக் கீழே நின்று உறுதிமொழி எடுத்து சோல்ஜர் ஆவோம். தண்ணீர் இல்லை.

உங்கள் சட்டப்படி அப்போ நான் யார்?

குருமடத்துப்_பழையவன் | திங்கள் மாலை 6:10

கேட்டுவிட்டீர்களே! ஞானஸ்நானம் பெறாத சேனைக்காரர் ஒருவர் கத்தோலிக்கப் பெண்ணைக் கட்ட வந்தால் அவருக்கும் அதே 1086-தான். அந்தப் பெங்களூர் பையனுக்கு என்ன தாளோ அதே தாள்.

கொடியும்_டிரம்மும் | திங்கள் மாலை 6:14

ஆகா. திரித்துவத்தை முழுசாக நம்பும் எனக்குத் தண்ணீர் இல்லை. தண்ணீரில் முழுகிய அவருக்குத் திரித்துவம் இல்லை. ரெண்டு பேரும் ஒரே வரிசையில் நிற்கணும்.

குருமடத்துப்_பழையவன் | திங்கள் மாலை 6:25

அண்ணே, வரிசை ஒன்றுதான், ஆனால் காரணம் வேறு. உங்கள் விசுவாசத்தைத் திருச்சபை கிறிஸ்தவ விசுவாசமாகவே பார்க்கிறது, வத்திக்கானும் இரட்சணிய சேனையும் உட்கார்ந்து உரையாடல் நடத்தியிருக்கின்றன. திருவருட்சாதனச் சட்டத்தில் கேட்கிற கேள்வி குறுகலானது: ஞானஸ்நானம் நடந்ததா, செல்லுமா. அதற்கு ஆமாம், இல்லை என்றுதான் பதில். "இவர் கிறிஸ்தவரா" என்று பொதுவாகக் கேட்பது அதைவிட அகலமான கேள்வி. 2001 அறிவிப்பும் ஞானஸ்நானத்தைப் பற்றி மட்டும்தான் பேசியது, மக்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்லவில்லை. அத்தான் இரண்டையும் சேர்த்துக் கட்டுகிறார்.

ஜெபவீரன்_அருமனை | திங்கள் இரவு 7:48

சேனைக்காரர்களை மார்மனோடு சேர்ப்பது சரியில்லை. அவர்களுடைய பதினோரு உபதேசங்களில் திரித்துவம் தெளிவாக இருக்கிறது.

கொடியும்_டிரம்மும் | திங்கள் இரவு 8:03

நன்றி பிரதர். ஆனால் உங்கள் சபையில் நான் அப்பம் எடுக்கலாமா? முழுக்கு எடுத்துவிட்டு வா என்றுதானே பாஸ்டர் சொல்வார்? சிஎஸ்ஐ வாத்தியார் வந்தாலும் "குழந்தையில் தெளித்தது ஞானஸ்நானம் இல்லை" என்று மறுபடி ஆற்றில் இறக்குவீர்கள். வத்திக்கான் மார்மனுக்குச் செய்வதை நீங்கள் ஊர் முழுக்கச் செய்கிறீர்கள்.

ஜெபவீரன்_அருமனை | திங்கள் இரவு 8:20

முழுக்கு எடுக்காதவரை விசுவாசி இல்லை என்று நாங்கள் சொல்வதில்லை. கீழ்ப்படிதலில் குறை என்கிறோம். மார்மன் விஷயம் கீழ்ப்படிதலைப் பற்றியது இல்லை, யாரை வணங்குகிறோம் என்பதைப் பற்றியது. இந்த வித்தியாசத்தைச் சிரித்து ஒதுக்காதீர்கள்.

மார்த்தாண்டம்_வாத்தியார் | திங்கள் இரவு 9:35

தம்பி சொன்ன இந்தக் கடைசி வரியை நான் ஏற்கிறேன். நாகர்கோவில் லுத்தரன் சபையில் எனக்கு இராப்போஜனம் தரமாட்டார்கள். உபதேசத்தில் ஒத்துப்போனவர்களுக்கு மட்டும்தான் பந்தி. அதற்காக அவர்கள் என்னைக் கிறிஸ்தவன் இல்லை என்று சொன்னதில்லை. பந்தியில் சேர்ப்பது ஒன்று, பெயரை ஒத்துக்கொள்வது வேறொன்று.

தக்கலைத் தம்பியிடம் எனக்கு ஒரு கேள்வி. நீங்கள் சிஎஸ்ஐயில் ஞானஸ்நானம் வாங்கியவர், திடப்படுத்தலும் எடுத்திருப்பீர்கள். உங்கள் சபை அதை ஏற்றுக்கொண்டதா, மறுபடி முழுக்கினார்களா? 1820 தரிசனத்தைப் பற்றி ஜோசப் ஸ்மித் எழுதிய வரலாற்றில், எந்தச் சபையில் சேரட்டும் என்று கேட்டதற்கு ஒன்றிலும் சேராதே, அவர்களுடைய விசுவாசப்பிரமாணங்கள் எல்லாம் அருவருப்பு என்று பதில் வந்ததாக இருக்கிறது. அது உங்களுக்கு வேதம். எங்கள் விசுவாசப்பிரமாணம் அருவருப்பு என்று நீங்கள் சொல்லலாம், உங்களை நாங்கள் கிறிஸ்தவர் இல்லை என்று சொன்னால் மனம் நோகிறது. இது எப்படி?

கோவையில்_ஒரு_தக்கலைக்காரன் | செவ்வாய் காலை 6:30

நியாயமான கேள்வி ஐயா. ஆமாம், மறுபடி முழுக்கினார்கள். மற்ற சபைகளின் ஞானஸ்நானத்தை எங்கள் சபை ஏற்பதில்லை. ஆசாரியத்துவ அதிகாரம் அப்போஸ்தலருக்குப் பிறகு பூமியிலிருந்து போய்விட்டது, ஜோசப் ஸ்மித் வழியாகத் திரும்ப வந்தது என்று நம்புகிறோம். அதனால் வத்திக்கான் எங்கள் ஞானஸ்நானத்தை ஏற்கவில்லை என்று நான் புகார் சொல்லமாட்டேன். சொன்னால் எனக்கே சிரிப்பு வரும்.

ஆனால் வித்தியாசம் ஒன்று உண்டு. உங்களுடைய ஞானஸ்நானம் அதிகாரத்தோடு நடக்கவில்லை என்போம். நீங்கள் கிறிஸ்தவர் இல்லை என்று எங்கள் சபை சொல்வதில்லை. அப்பா கஷ்டப்பட்டு வேதம் வாசித்து வளர்த்த மனிதர். அவர் கிறிஸ்தவர் இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? அதே மரியாதையைத்தான் திரும்பக் கேட்கிறேன். உங்களைப் போன்ற கிறிஸ்தவன் என்று சொல்ல வேண்டாம். நிசேயாவை ஏற்காத கிறிஸ்தவன் என்று சொல்லுங்கள். அது உண்மை, எனக்கு வருத்தமும் இல்லை.

தாமரைக்குளம் | செவ்வாய் காலை 10:10

வெளியாள் ஒருவன் நடுவில் வரலாமா? நான் அய்யாவழி. வாசித்துக்கொண்டே வந்தபோது எங்கள் கதை தலைகீழாக ஓடுவது மாதிரி இருந்தது.

அய்யா வைகுண்டர் 1809-ல் பிறந்தவர், ஜோசப் ஸ்மித்துக்கு நாலு வயது இளையவர். எங்களுக்கும் புது ஆகமம் உண்டு, அகிலத்திரட்டு அம்மானை, 1841-ல் அரிகோபாலன் சீடர் வழியாக வந்தது. எங்கள் அய்யாவையும் சிறையில் அடைத்தார்கள், திருவனந்தபுரத்தில் சிங்காரத்தோப்பில். அகிலத்தில் விஷ்ணு வருகிறார், சிவன் வருகிறார், பழைய புராணம் எல்லாம் வருகிறது, ஆனால் எல்லாம் புது வரிசையில். எங்கள் வழிபாட்டு இடங்களான பதிகளில் விக்கிரகம் கிடையாது, கண்ணாடிதான். மக்கள்தொகைக் கணக்கில் எங்களை இந்து என்று சேர்த்துவிடுகிறார்கள். எங்களில் பலர் தனி மதம் என்கிறோம், சிலர் இந்துதான் என்கிறார்கள், வீட்டுக்குள்ளேயே சண்டை உண்டு.

மார்மன்காரர்கள் உள்ளே வருகிறோம் என்கிறார்கள், நீங்கள் கதவைச் சாத்துகிறீர்கள். நாங்கள் வெளியே போகிறோம் என்கிறோம், கதவைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள். ரெண்டு இடத்திலும் சாவி பெரிய ஆள் கையில். நம்புகிறவன் தன்னை என்னவென்று சொல்கிறானோ அதற்கு முதல் இடம் கொடுங்கள் என்பது என் கட்சி.

குருமடத்துப்_பழையவன் | செவ்வாய் மதியம் 1:20

அழகாகச் சொன்னீர்கள். ஆனால் முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டேன். நம்புகிறவன் வார்த்தைதான் முடிவு என்றால், நாளைக்கு ஒருவர் "நான் அய்யாவழி, ஆனால் அகிலத்தை ஏற்கமாட்டேன், பதிக்கும் வரமாட்டேன்" என்று சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஒரு கூட்டத்துக்கு எது அடிப்படை என்று சொல்லும் உரிமை அந்தக் கூட்டத்துக்கும் கொஞ்சம் வேண்டும்.

தாமரைக்குளம் | செவ்வாய் மதியம் 1:44

அப்படி ஆட்கள் இப்போதே இருக்கிறார்கள் அண்ணாச்சி. திருநாளுக்கு வந்து நாமம் போட்டுக்கொண்டு போவார்கள். யாரும் அகிலம் வாசித்தாயா என்று கேட்டு நிறுத்துவதில்லை.

நெறியாளர் | செவ்வாய் மாலை 4:00

மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மாவட்டத்தில் எந்த மதம் கூடுகிறது, எது குறைகிறது என்ற கணக்கு இந்த இழைக்குத் தேவையில்லை. 1982 மண்டைக்காட்டு மதக் கலவரத்தைப் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறோம். கேட்ட கேள்விக்குப் பேசுங்கள்.

மார்த்தாண்டம்_வாத்தியார் | செவ்வாய் இரவு 9:10

ஜெபவீரன் தம்பி புத்தகத்தைக் கூட்டியதுதான் குற்றம் என்று தொடங்கினார். அதைச் சோதித்துப் பார்க்க வரலாற்றிலேயே ஒரு வழி இருக்கிறது.

ஜோசப் ஸ்மித் இறந்த பிறகு எல்லாரும் யூட்டாவுக்குப் போகவில்லை. போகாமல் தங்கியவர்களில் ஒரு பகுதி 1860-ல் அவருடைய மகனைத் தலைவராக வைத்து ஒரு சபையாகத் திரண்டது. இப்போது அதன் பெயர் கிறிஸ்துவின் சமூகம், தலைமையிடம் மிசௌரியில் இன்டிபென்டென்ஸ் நகரம். இவர்களும் மார்மன் புஸ்தகத்தை வேதமாக வைத்திருப்பவர்கள். ஆனால் திரித்துவத்தை ஏற்கிறார்கள், மனிதன் தேவனாகும் போதனை கிடையாது. 2010-ல் அமெரிக்காவின் தேசியத் திருச்சபைகள் மன்றம் இவர்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது.

அப்படியானால் பொன் தகடும் தூதனும் மற்றச் சபைகளுக்குப் பெரிய தடையாக இருக்கவில்லை. கடவுள் யார் என்பதில்தான் கோடு விழுகிறது. மார்மன் புஸ்தகத்தை வாசித்தால், பிதா, குமாரன், பரிசுத்த ஆவி "ஒரே தேவன்" என்று சொல்லும் இடங்கள் அதிலேயே இருக்கின்றன. விலகல் பெரிதானது பிறகுதான், 1840-களின் நாவூ பிரசங்கங்களில். புத்தகத்தைத் திட்டுபவர்கள் பலர் அதை வாசிக்கவில்லை என்பது என் சந்தேகம். நானும் முழுக்க வாசித்து முடித்தவன் இல்லை, போர்க் கதைகள் நீண்டுகொண்டே போகும்.

ஜெபவீரன்_அருமனை | செவ்வாய் இரவு 9:52

இந்த இன்னொரு சபையைப் பற்றி எனக்குத் தெரியாது, வாசித்துப் பார்க்கிறேன். அந்தப் புத்தகத்தை வேதம் என்று சொல்வதை அப்போதும் நான் ஏற்கமாட்டேன். ஆனால் கடவுளைப் பற்றிய போதனைதான் முதல் பிரச்சினை என்பதில் வாத்தியாரும் நானும் ஒரே பக்கம், அது இழையில் பதிவாகட்டும்.

வக்கீல்_குழித்துறை | செவ்வாய் இரவு 10:30

சபைகள் ஆளுக்கு ஒன்று சொல்லலாம், சர்க்கார் என்ன சொல்கிறது என்று யாரும் எழுதவில்லை. 1872-ன் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் கிறிஸ்தவர் என்றால் கிறிஸ்தவ மதத்தைத் தழுவி அறிக்கையிடுபவர், அவ்வளவுதான். நிசேயாவும் இல்லை, திரித்துவமும் இல்லை. 1925 வாரிசுரிமைச் சட்டம் இன்னும் தாராளம், "கிறிஸ்தவ மதத்தின் எந்த வடிவத்தையும்" என்கிறது. கோர்ட் உள்ளே புகுந்து உபதேசத்தை எடைபோடுவதில்லை. 1986-ல் கேரளத்து யெகோவா சாட்சிப் பிள்ளைகள் தேசிய கீதம் பாடாமல் நின்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் பார்த்தது அந்த நம்பிக்கை மனசாட்சியோடு உண்மையாகப் பிடித்திருப்பதா என்பதைத்தான், அது சரியான நம்பிக்கையா என்பதை அல்ல.

கணக்கெடுப்பிலும் சொல்வதை எழுதிக்கொள்வார்கள். 2011 கணக்கில் இந்த மாவட்டத்தில் சுமார் 47 சதவீதம் கிறிஸ்தவர் என்று வருகிறதே, அதில் கத்தோலிக்கர், சிஎஸ்ஐ, பெந்தெகொஸ்தே, யெகோவா சாட்சி எல்லாம் ஒரே பெட்டி.

நடைமுறைக்கு ஒன்று: அந்தச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி திருமணம் நடத்த உரிமை உள்ளவர் யார் என்று பட்டியல் உண்டு. எந்தச் சபையில் நடத்தினாலும் நடத்துபவருக்கு அந்தத் தகுதியோ உரிமமோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கோவில் வேண்டாம் என்றால் 1954-ன் சிறப்புத் திருமணச் சட்டம், 30 நாள் அறிவிப்பு.

முட்டத்துக்காரி | புதன் காலை 11:25

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அக்கா, அத்தான் ரெண்டு பேருக்கும் வாசித்துக் காட்டினேன். சேனைக்காரருக்கும் அதே தாள் என்ற இடத்தில் அத்தான் சத்தம் அடங்கிவிட்டது. அவர் தங்கையைக் கட்டிக் கொடுத்திருப்பது சேனைக்காரர் வீட்டில். "அன்னைக்கு அவரையும் கிறிஸ்தவன் இல்லன்னா சொன்னோம்" என்று அக்கா ஒரே கேள்விதான் கேட்டாள்.

இன்னும் இரண்டு சந்தேகம். விலக்கு கொடுக்க என்னென்ன கேட்பார்கள்? அப்புறம், அவர்கள் ஆலயத்தில் வேறு ஒரு கல்யாணம் உண்டாமே, அதில் பெற்றோர் உள்ளே போக முடியாதாமே?

கோவையில்_ஒரு_தக்கலைக்காரன் | புதன் மதியம் 12:40

இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன் அக்கா. ஞாயிறு ஆராதனை நடக்கும் கூடத்துக்கு யாரும் வரலாம். ஆலயம் என்பது வேறு. இந்தியாவில் முதலாவதைப் பெங்களூரில் கட்ட 2020 டிசம்பரில் வேலை தொடங்கியது. அங்கே நடப்பது முத்திரித்தல், கணவன் மனைவி நித்தியத்துக்கும் சேர்ந்திருக்க. தகுதிச் சான்று உள்ள உறுப்பினர்கள் மட்டும்தான் உள்ளே போகலாம். பெற்றோர் உறுப்பினர் இல்லையென்றால் வெளியில்தான் இருக்க வேண்டும், அதைக் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன். ஆனால் உங்கள் பெண் எங்கள் சபையில் சேராதவரை முத்திரித்தலே நடக்காது. உங்கள் பங்குக் கோவிலில் கல்யாணம் நடந்தால் பையனை எங்கள் சபை தண்டிக்காது. பின்னால் அவள் சேர வேண்டும் என்ற ஆசை பையனுக்கோ அவன் வீட்டாருக்கோ இருக்கும், இல்லை என்று சொன்னால் பொய். அதை இப்போதே வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள்.

ஜெபவீரன்_அருமனை | புதன் மதியம் 12:55

மத்தேயு 22:30. உயிர்த்தெழுதலில் கொள்வனையும் கொடுப்பனையும் இல்லை.

கோவையில்_ஒரு_தக்கலைக்காரன் | புதன் மதியம் 1:02

பிரதர், அதற்கு எங்கள் விளக்கம் உண்டு, தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.

குருமடத்துப்_பழையவன் | புதன் மதியம் 1:30

முதல் கேள்விக்கு. 1125-ஆம் சட்டப்படி உறுதிமொழி கொடுக்க வேண்டியது உங்கள் பெண். தன் விசுவாசத்தில் நிலைத்திருப்பேன், பிள்ளைகளுக்குக் கத்தோலிக்கத் திருச்சபையில் ஞானஸ்நானம் கொடுத்து வளர்க்க என்னால் ஆனதைச் செய்வேன் என்று. பையன் கையெழுத்துப் போட்டு மாறவேண்டும் என்பது இல்லை. அவள் கொடுத்த உறுதிமொழி அவருக்குத் தெரியும் என்பது உறுதியாக வேண்டும், திருமணத்தின் நோக்கமும் பண்பும் இருவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இங்கேதான் வீட்டில் பேச வேண்டியது இருக்கிறது. அவர்கள் சபையில் எட்டு வயதில் ஞானஸ்நானம், நம்மிடம் கைக்குழந்தையில். பிள்ளை பிறந்த முதல் வருஷமே முடிவு எடுத்தாக வேண்டும். பையன் அதற்குச் சம்மதிக்கிறாரா, வாய்க்குச் சொல்கிறாரா என்று பாருங்கள். பெண்ணையும் பையனையும் சேர்த்துச் சாமியாரிடம் கூட்டிப்போங்கள், அத்தானைத் தனியாக அனுப்பாதீர்கள். விலக்கு வாங்க விண்ணப்பம் மறைமாவட்ட அலுவலகத்துக்குப் பங்குச் சாமியார் வழியாகத்தான் போகும், நேரம் எடுக்கும். தேதி குறித்து மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்த வேலையைத் தொடங்குங்கள்.

முட்டத்துக்காரி | புதன் மாலை 6:15

மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. மே மாசம். நாளைக்கே சாமியாரைப் பார்க்கிறோம்.

கொடியும்_டிரம்மும் | புதன் மாலை 6:22

பந்தியில் பையன் வீட்டாருக்குச் சாயாவுக்குப் பதில் பால் வையுங்க அக்கா. அதற்கு எந்த ஆயரின் விலக்கும் வேண்டாம்.